டீக்கடைக்கு லைசென்சு கட்டணம் எவ்வளவு? நகரசபை எந்தக் கணக்கில் போடுகிறது?

தேனி–

மார்ச்சு மாதம் பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கின் கடைவீதிகளில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும்.

“என்ன சார், போன வருசம் கட்டுனதுக்கு இந்த வருசம் இம்புட்டு ஏறிப்போச்சு?”

“நாங்க என்ன அண்ணாச்சி செய்றது? மேல இருந்து வந்தது. கட்டிருங்க.”

“மேலன்னா எங்கிட்டு இருந்து?”

இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் வராது. வசூலுக்கு வந்தவர் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டுவார். கடைக்காரர் கல்லாவைத் திறப்பார். மேஜையில் வைத்த டீ ஆறிப்போகும்.

“மேல” என்பது எது? சென்னைக் கோட்டையா? கலெக்டர் ஆபீசா? நகரசபை கட்டிடத்தின் மாடியா? ஒரு டீக்கடைக்கு இவ்வளவு, ஒரு ரைஸ்மில்லுக்கு இவ்வளவு என்று யார் எழுதுகிறார்கள்? எதை வைத்து எழுதுகிறார்கள்?

கடைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இது. ஏனென்றால், இந்தக் கட்டணத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமையும் உண்டு.

ஒரே ரோடு, பல கஜானா

தேனியில் பஸ் ஏறிக் குமுளி வரை போகிறவர் ஜன்னல் வழியே பார்த்தால் எல்லாம் ஒரே கடைவீதி மாதிரிதான் தெரியும். டீக்கடை, பரோட்டாக்கடை, சைக்கிள் கடை, உரக்கடை என்று வரிசையாக வரும்.

ஆனால் அந்த ரோடு பல கஜானாக்களின் எல்லை வழியாக ஓடுகிறது. தேனி அல்லிநகரம் நகராட்சி முடிந்தால் பழனிசெட்டிபட்டி பேரூராட்சி. அப்பால் வீரபாண்டி பேரூராட்சி. பிறகு சின்னமனூர் நகராட்சி. அடுத்து உத்தமபாளையம் பேரூராட்சி. அதன்பின் கம்பம் நகராட்சி. கடைசியில் கூடலூர் நகராட்சி. நடுவில் கிராம ஊராட்சிகள் வேறு.

1996-ல் மதுரை மாவட்டத்தில் இருந்து பிரிந்த தேனி மாவட்டத்தில் 6 நகராட்சிகளும் 22 பேரூராட்சிகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி மன்றம், தனி பட்ஜெட்டு, தனித் தீர்மானப் புத்தகம்.

ஆகவே, ஒரே அகலம், ஒரே அடுப்பு, ஒரே பெஞ்சு உள்ள இரண்டு டீக்கடைகள் ஒரு எல்லைக் கல்லுக்கு இந்தப்பக்கம் ஒன்றும் அந்தப்பக்கம் ஒன்றுமாக இருந்தால், இரண்டுக்கும் கட்டணம் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. நகராட்சிகளுக்குள்ளேயே இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை என்று தரம் உண்டு. வருமானம் ஏற ஏற ஊரின் தரம் ஏறும். ஊரின் தரம் ஏறினால் கட்டணமும் அதோடு ஏறிவிடுவது வழக்கம்.

மூன்று பை, மூன்று கணக்கு

கடைக்காரர் நகரசபைக்குக் கொடுக்கும் பணம் எல்லாவற்றையும் “வரி” என்றே சொல்வார். அது சரியல்ல. பணம் மூன்று பைகளில் போகிறது.

முதல் பை, வரி. சொத்து வரி, தொழில் வரி இரண்டும் இதில் சேரும். தெருவிளக்கு, ரோடு, சம்பளம் என்று எதற்கு வேண்டுமானாலும் நகரசபை இதைச் செலவு செய்யலாம். “எனக்கு என்ன செய்தாய்?” என்று வரி கட்டியவர் கேட்க முடியாது. ஆனால் வரிக்குச் சட்டத்தின் அனுமதி கண்டிப்பாக வேண்டும். சில வரிகளுக்கு உச்சவரம்பும் உண்டு. கடைச் சிப்பந்தியும் ஆபீஸ் குமாஸ்தாவும் கட்டும் தொழில் வரி ஆண்டுக்கு 250 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவு முதலில் சொன்னது. 1988-ல் நடந்த 60-வது திருத்தம் அதை 2,500 ரூபாய் ஆக்கியது.

இரண்டாம் பை, வாடகை அல்லது குத்தகை. பஸ் நிலையத்தில் உள்ள நகரசபைக் கடை, தினசரி மார்க்கெட்டு வசூல் குத்தகை ஆகியவை இந்த ரகம். இங்கே நகரசபை வீட்டுக்காரர், வியாபாரி குடியிருப்பவர். ஏலம் போகிற அளவுக்குப் போகட்டும் என்று விடலாம்.

மூன்றாம் பைதான் லைசென்சு கட்டணம். கடை உங்களுடையது. சரக்கு உங்களுடையது. ஊருக்கு ஆபத்து, அசிங்கம், நோய் வராமல் நகரசபை கண்காணிக்கிறது. அந்தக் கண்காணிப்புக்கு ஆகும் செலவை உங்களிடம் கேட்கிறது. இதற்குப் பெயர் கட்டணம்.

ஏலம் விடுகிற மாதிரி இதை ஏற்ற முடியாது. வரி மாதிரி இஷ்டத்துக்குச் செலவு செய்யவும் முடியாது. வம்பு முழுவதும் இந்த மூன்றாம் பையில்தான்!

‘டி அண்டு ஓ’ பிறந்த கதை

பழைய கடைக்காரர்கள் இன்னும் இதை “டி அண்டு ஓ லைசென்சு” என்றுதான் சொல்கிறார்கள். அபாயமான, அருவருப்பான தொழில்கள் என்பதன் இங்கிலீஷ் சுருக்கம் அது.

1920-ம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. அதில் 249-வது பிரிவு, சில தொழில்களை லைசென்சு இல்லாமல் நடத்தக் கூடாது என்றது. எந்தத் தொழில்கள் என்று ஐந்தாவது அட்டவணையில் பட்டியல் போட்டார்கள். நெல் அவிப்பது, செங்கல் சுடுவது, சுண்ணாம்பு சுடுவது, சோப்பு காய்ச்சுவது, தோல், எலும்பு, மீன் சேர்த்து வைப்பது, வைக்கோல், விறகு, கரி அடுக்குவது என்று அந்தப் பட்டியல் போகும்.

பட்டியலைப் பார்த்தாலே நோக்கம் புரிந்துவிடும். தீப்பிடிக்கும் சரக்கு, நாற்றம் அடிக்கும் சரக்கு, புகை கிளப்பும் தொழில். பக்கத்து வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதற்காக வந்த லைசென்சு இது. கஜானாவை நிரப்புவதற்காக வந்தது அல்ல.

காலப்போக்கில் பட்டியல் நீண்டது. மோட்டார் வைத்து ஓட்டும் மில்லுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று 250-வது பிரிவு சொன்னது. அங்கே குதிரைச் சக்திதான் அளவுகோல். நெல்லுக்குப் பேர்போன சின்னமனூர் வட்டாரத்தில் ரைஸ்மில் வைத்தவர்களுக்கு, “எத்தனை எச்.பி.?” என்ற கேள்வி பழக்கமானது.

அந்த 1920-ம் ஆண்டு சட்டம் 100 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 1998-ல் சட்டசபை நிறைவேற்றிய தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நெடுங்காலம் தூங்கிக் கிடந்தது. புதிய விதிகளோடு 2023 ஏப்ரல் 13 அன்றுதான் அது அமலுக்கு வந்தது. சட்டம் மாறிவிட்டது. கடைவீதியில் மட்டும் “டி அண்டு ஓ” மாறவில்லை!

கட்டணம் எங்கே பிறக்கிறது?

சரி, கட்டணம் எப்படி முடிவாகிறது?

பழைய சட்டத்தின் 321-வது பிரிவு ஒரு வரியில் சொல்லிவிட்டது. லைசென்சு கட்டணம் எந்த அளவுகோலில், எந்த விகிதத்தில் என்பதை நகரசபை மன்றம் நிர்ணயம் செய்யலாம். அளவுகோல் என்றால் சதுர அடி, குதிரைச் சக்தி, தொழிலின் ரகம் போன்றவை. விகிதம் என்றால் ரூபாய்.

நடைமுறை இப்படி: ஆபீசில் ஒரு குறிப்பு தயாராகும். பழைய கட்டணம் இவ்வளவு, பக்கத்து ஊர்களில் இவ்வளவு, இனி இவ்வளவு வைக்கலாம் என்று எழுதுவார்கள். சர்க்கார் விதி ஏதாவது வரம்பு சொல்லியிருந்தால் அதற்குள் நிற்க வேண்டும். கமிஷனர் கையெழுத்தோடு அது மன்றக் கூட்டத்தின் அஜெண்டாவில் ஒரு “பொருள்” ஆகும். மன்றம் கை தூக்கினால் தீர்மானம். அடுத்த ஏப்ரலில் அது உங்கள் கடை வாசலுக்கு வரும்.

தேனி நகராட்சியில் 33 வார்டுகள். 33 கவுன்சிலர்கள். உங்கள் வார்டு கவுன்சிலரும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார். நூறு பொருள்களுக்கு நடுவே இந்த ஒரு பொருளும் “நிறைவேற்றப்பட்டது” ஆகிவிடும். படித்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

ஆபீஸ் குறிப்பில் பெரும்பாலும் இருப்பது “பக்கத்து ஊரில் எவ்வளவு?” என்ற ஒப்பீடுதான். “நமக்கு எவ்வளவு செலவு?” என்ற கணக்கு இருப்பது அபூர்வம். கோர்ட்டு கேட்பதோ இரண்டாவது கேள்வியை!

ஐகோர்ட்டு போட்ட கடிவாளம்

இந்தக் கேள்வி புதிது அல்ல. வெள்ளைக்காரன் காலத்திலேயே கோர்ட்டுக்குப் போனது.

அன்று சென்னை மாகாணத்தில் இருந்த ஊர் ஹோஸ்பேட்டை. அங்கே ஒரு சர்க்கரை ஆலை. இதே 1920-ம் ஆண்டு சட்டப்படி நகரசபை லைசென்சு கட்டணம் கேட்டது. “இது கட்டணம் அல்ல, வரி” என்று ஆலை வழக்குப் போட்டது. 1943-ல் வெளியான தீர்ப்பில் சென்னை ஐகோர்ட்டு ஒரு கோடு கிழித்தது. லைசென்சு என்பது கண்காணிக்கத்தான். அதை வைத்து நகரசபை வருமானம் பார்க்கக் கூடாது. கட்டணத்துக்கும் கண்காணிப்புச் செலவுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கின் கடைக்காரருக்கும் அன்று அதே சட்டம்தான், அதே ஐகோர்ட்டுதான். அந்தக் கோடு இங்கேயும் பொருந்தியது.

1954-ல் சுப்ரீம் கோர்ட்டு இன்னும் தெளிவாகச் சொன்னது. அது ஷிரூர் மடம் வழக்கு. மடங்களின் வருமானத்தில் 5 சதவீதம் வரை சென்னை சர்க்கார் வசூலிக்கச் சட்டம் செய்திருந்தது. வசூலான பணம் சர்க்காரின் பொதுக் கஜானாவில் போய்க் கலந்தது. செய்த வேலைக்கும் வாங்கிய பணத்துக்கும் தொடர்பு இல்லை. ஆகவே இது கட்டணம் அல்ல, வரி என்று கோர்ட்டு தள்ளுபடி செய்தது. கொடுத்ததற்குப் பதில் வேலை என்பதுதான் கட்டணத்தின் இலக்கணம் என்று அன்று முதல் வக்கீல்கள் பேசத் தொடங்கினார்கள்.

கல்கத்தா கொட்டகை வழக்கு

ஆனால் கடைக்காரர் எப்போதும் ஜெயித்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம்.

கல்கத்தாவில் லிபர்ட்டி சினிமா என்ற கொட்டகை. லைசென்சுக்காக ஆண்டுக்குச் சுமார் 400 ரூபாய் கட்டி வந்தது. மாநகராட்சி கணக்கை மாற்றியது. ஒரு காட்சிக்கு 5 ரூபாய் என்றது. ஆண்டுக்குச் சுமார் 6,000 ரூபாய் ஆகிவிட்டது!

கொட்டகைக்காரர் கோர்ட்டுக்குப் போனார். ஐந்து நீதிபதிகள் விசாரித்து, 1964-ல் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்து தீர்ப்புச் சொன்னார்கள். “பெயர்தான் கட்டணம், உண்மையில் இது வரி” என்று மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். ஆனால், “கல்கத்தா சட்டம் அந்த வரியைப் போட அனுமதிக்கிறது, ஆகவே செல்லும்” என்றும் சொல்லிவிட்டார்கள். கொட்டகைக்காரர் சொன்ன வாதம் சரி; ஆனால் வழக்கில் தோல்வி!

அதன்பின் கடிவாளம் மேலும் தளர்ந்தது. நமக்கு மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில், கோழிக்கோடு மாநகராட்சி தேங்காய் மட்டை ஊறப்போடும் இடங்களுக்கு லைசென்சு கட்டணம் போட்டது. “எங்களுக்கு என்று தனியாக என்ன வேலை செய்தார்கள்?” என்று தொழில்காரர்கள் கேட்டார்கள். 1985-ல் சுப்ரீம் கோர்ட்டு, பைசாவுக்குப் பைசா கணக்குக் காட்டத் தேவையில்லை என்று கட்டணத்தை அனுமதித்தது.

1999-ல் ஐதராபாத், செகந்திராபாத் ஓட்டல்காரர்கள் சங்கம் தொடுத்த வழக்கிலும் இதே போக்குதான். கட்டுப்பாட்டுக்காகப் போடும் லைசென்சு கட்டணத்துக்குப் பதில் சேவை காட்ட வேண்டியது இல்லை. ஆனால் அது அளவு மீறக் கூடாது என்றது கோர்ட்டு.

இன்றைய நிலை இதுதான். கடைசி ரூபாய் வரை ரசீது காட்டு என்று நகரசபையைக் கேட்க முடியாது. அதே நேரம், கட்டணத்தை அளவில்லாமல் ஏற்றி அதைப் பொது வருமானம் ஆக்கிக்கொள்ள நகரசபைக்கும் உரிமை கிடையாது. நடுவில் உள்ள இடம்தான் பேசித் தீர்க்க வேண்டிய இடம்.

லண்டனிலும் இதே சண்டை!

நம் ஊரில் மட்டும் என்று எண்ண வேண்டாம். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபையிலும் இதே தகராறு.

வயது வந்தோருக்கு மட்டும் என்று போர்டு போட்ட சில கடைகள். அவற்றின் லைசென்சுக்கு ஆண்டுக்குச் சுமார் 29 ஆயிரம் பவுன் கேட்டார்கள். மனுவைப் பார்த்து முடிவு சொல்ல ஆகும் செலவு அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். மீதி, லைசென்சு இல்லாமல் நடத்துகிறவர்களைப் பிடிப்பது உள்ளிட்ட செலவு! ஒழுங்காக லைசென்சு எடுப்பவர், எடுக்காதவரைப் பிடிக்கும் செலவையும் சேர்த்துக் கட்ட வேண்டுமா என்று கடைக்காரர்கள் கோர்ட்டு ஏறினார்கள்.

2016-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மனுவோடு கட்டச் சொல்லும் பணம், அந்த மனுவைப் பரிசீலிக்கும் செலவை மிஞ்சக் கூடாது. பின்னால் திருப்பித் தருவதாகச் சொன்னாலும் அந்த மிச்சத்தை முன்கூட்டி வாங்கக் கூடாது.

ஊர் வேறு, பவுன் வேறு. கேள்வி ஒன்றுதான்: என்ன செலவுக்கு இந்தப் பணம்?

போட்டுப் பார்ப்போம், ஒரு மாதிரிக் கணக்கு

பென்சிலை எடுங்கள். ஒரு ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். இது எந்த ஊரின் கணக்கும் அல்ல, விளக்கத்துக்காக மட்டும்.

ஊரில் 3,000 கடைகள். கண்காணிக்க இரண்டு சுகாதார ஆய்வாளர்கள். மாதச் செலவு ஆளுக்கு 60 ஆயிரம் என்று வைப்போம். குப்பை, கொசு, பிறப்பு–இறப்பு என்று அவர்களுக்கு வேறு வேலையும் உண்டு. பாதி நேரம்தான் கடைகளுக்கு. ஆகவே இருவருக்கும் சேர்த்து மாதம் 60 ஆயிரம். ஆண்டுக்கு 7 லட்சத்து 20 ஆயிரம்.

லைசென்சு பைல் பார்க்க ஒரு குமாஸ்தா. மாதம் 30 ஆயிரம். ஆண்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். வண்டி, காகிதம், கம்ப்யூட்டர் என்று 1 லட்சத்து 20 ஆயிரம்.

மொத்தம் 12 லட்சம். 3,000 கடைக்குப் பிரித்தால் கடைக்குச் சராசரி 400 ரூபாய்.

ஆனால் பெட்டிக்கடைக்கும் ரைஸ்மில்லுக்கும் ஒரே 400 என்றால் நியாயமா? பெட்டிக்கடையைப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். மில்லைச் சுற்றிப் பார்க்க அரை நாள் ஆகும். ஆகவே 2,500 சின்னக் கடைகளுக்கு 200. 400 நடுத்தரக் கடைகளுக்கு 1,000. 100 பெரிய இடங்களுக்கு 3,000 என்று பிரிக்கலாம். கூட்டிப் பாருங்கள்: 5 லட்சம், 4 லட்சம், 3 லட்சம். அதே 12 லட்சம்!

இது கட்டணம். இந்தக் கணக்கை மன்றத்தில் தைரியமாக வைக்கலாம், கோர்ட்டிலும் வைக்கலாம்.

இப்போது அதே ஊரில், “கஜானா காலி, சராசரி 1,200 ஆக்குவோம்” என்று தீர்மானம் போட்டால்? வசூல் 36 லட்சம். செலவு 12 லட்சம். மிச்சம் 24 லட்சம் எங்கே போகும்? தெருவிளக்குக்குப் போகலாம், சம்பளப் பாக்கிக்குப் போகலாம். நல்ல காரியமாகவே இருக்கட்டும். ஆனால் டீக்கடைக்காரர் தலையில் சத்தம் இல்லாமல் ஒரு வரி விழுந்துவிட்டது.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள் என்று சராசரி 100 ரூபாயிலேயே பல ஆண்டு நிறுத்திவிட்டால்? வசூல் 3 லட்சம்தான். மீதி 9 லட்சம் சொத்து வரியில் இருந்து போக வேண்டும். ஓட்டு வீட்டுக்கு வரி கட்டும் அம்மா, மில் முதலாளியின் லைசென்சு செலவில் பங்கு கொடுக்கிறார் என்று அர்த்தம்! இல்லாவிட்டால் ஆய்வே நடக்காது. டீக்கடைத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, விறகு எங்கே அடுக்கியிருக்கிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். அதன் விலையை ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டி வரும்.

கட்டணம் குறைவாக இருப்பதும் கோளாறு. கூடுதலாக இருப்பதும் கோளாறு. கணக்கு இல்லாமல் இருப்பதுதான் பெரிய கோளாறு.

மன்றமே இல்லாத காலம்

“கவுன்சிலரைக் கேளுங்கள்” என்று சொல்வது சுலபம். கவுன்சிலரே இல்லாத காலமும் இருந்தது.

2011-ல் தேர்ந்தெடுத்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடையில் ஐந்து ஆண்டுக்கு மேல் தனி அதிகாரிகள்தான் நகரசபைகளை நடத்தினார்கள். மன்றத்தின் அதிகாரம் முழுவதும் ஒரே ஒரு கையெழுத்தில் இருந்தது. கேட்க வார்டுக்கு ஒரு ஆள் இல்லை. “மேல இருந்து வந்தது” என்ற வார்த்தை அந்தக் காலத்தில் உண்மையாகவே பொருந்தியது.

மன்றங்கள் வந்த கையோடு 2022 ஏப்ரலில் சொத்து வரியும் ஏறியது. கடைக்காரருக்கு எந்தப் பணம் எந்தப் பை என்பது இன்னும் குழம்பிவிட்டது. இதற்கு முன்பே, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது விளம்பர வரி அதில் கரைந்துவிட்டது. இப்படி ஒவ்வொரு வரியாகக் கைவிட்டுப் போகும்போது, கட்டணத்தின் பக்கம் நகரசபையின் கண் திரும்புவது இயற்கை. அதனால்தான் இப்போது கூடுதலாகக் கவனம் தேவைப்படுகிறது.

தள்ளுவண்டிக்காரர் கதி என்ன?

கடைக்காவது நாலு சுவர் உண்டு. பஸ் நிலைய வாசலில் கடலை விற்கிறவருக்கும், வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில் ரெண்டு நாள் வளையல் கடை போடுகிறவருக்கும்?

தெரு வியாபாரிகளுக்காக 2014-ல் மத்திய சர்க்கார் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஊருக்கு ஊர் விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாகவே, அவர்களே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். அந்த 40 சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்து, விற்பனைச் சான்று கொடுக்க வேண்டும்.

கட்டணம் போடும் மேஜையில் கட்டுகிறவருக்கும் ஒரு நாற்காலி கொடுத்த சட்டம் இது. நாலு சுவர் உள்ள கடைக்காரருக்குக்கூட அந்த நாற்காலி கிடையாது! நாற்காலியில் போய் உட்காருவது வியாபாரிகளின் கையில் இருக்கிறது.

இன்னொரு உதாரணமும் நம் கண் முன்னே உண்டு. 1999-ல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். பிறகு தேனி, கம்பம் என்று இங்கேயும் வந்தது. தோட்டத்துக் காயைக் கொண்டுவரும் விவசாயிக்கு அங்கே கடை வாடகை கிடையாது. தராசுக்கும் காசு கிடையாது. யாரிடம் வாங்குவது, யாருக்கு விடுவது என்று சர்க்கார் யோசித்து முடிவு செய்தால் கட்டணம் பூஜ்யமாகவும் இருக்கலாம் என்பதற்கு இது சாட்சி.

கடைக்காரர் என்ன செய்யலாம்?

ஒன்று: ரசீதைப் படியுங்கள். வரியா, வாடகையா, லைசென்சு கட்டணமா என்று பாருங்கள். ரசீது இல்லாமல் பத்து ரூபாய் கொடுத்தாலும் அது மூன்று பையிலும் சேராது. அது நாலாவது பை!

இரண்டு: தீர்மானத்தைக் கேளுங்கள். எந்தத் தேதியில், எந்த எண் தீர்மானப்படி இந்தக் கட்டணம்? 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம். தீர்மான நகல் மட்டும் கேட்டு நிறுத்த வேண்டாம். “லைசென்சு பிரிவுக்கு ஆன செலவு எவ்வளவு? வந்த வரவு எவ்வளவு?” என்ற இரண்டையும் கேளுங்கள். மாதிரிக் கணக்கை நிஜக் கணக்கு ஆக்க இந்த இரண்டு எண் போதும்.

மூன்று: நேரத்தில் கேளுங்கள். பில் கையில் வந்தபின் கூச்சல் போட்டுப் பயன் குறைவு. தீர்மானம் அஜெண்டாவில் வரும்போதே உங்கள் வார்டு கவுன்சிலரிடம் சங்கமாகப் போய்ச் சொல்லுங்கள். 2022-ல் வந்த விதிப்படி வார்டுக் குழுவும் பகுதி சபையும் உண்டு. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் பகுதி சபைகள் கூடின. சாக்கடை, விளக்கு பற்றி அங்கே பேசுகிறோம். லைசென்சு கட்டணம் பற்றியும் பேசலாமே!

நான்கு: புதுப்பிக்கும் மனுவைக் காலத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். அபராதம் கட்டியபின் நியாயம் பேசுவது கஷ்டம்.

ஐந்து: கட்டணம் கட்டியவர் ஆய்வையும் கேட்டு வாங்க வேண்டும். “என் கடையை இந்த வருசம் யார் வந்து பார்த்தார்கள்?” என்று கேளுங்கள். யாரும் வரவில்லை என்றால், கொடுத்த பணம் எதற்கு என்ற கேள்வி தானாகவே எழும்.

‘மேல’ எங்கே இருக்கிறது?

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். “மேலன்னா எங்கிட்டு இருந்து?”

விதி சென்னையில் இருந்து வருகிறது, அது உண்மை. வரம்பு கோர்ட்டில் இருந்து வருகிறது, அதுவும் உண்மை. ஆனால் ரூபாய் எழுதும் இடம் உங்கள் ஊர் நகரசபைக் கூடம்தான். நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் அங்கே உட்கார்ந்து கை தூக்குகிறார். பஸ் நிலையத்தில் இருந்து நடந்தே போய்விடலாம்.

அடுத்த மார்ச்சில் ரசீதுப் புத்தகம் கடை வாசலுக்கு வருவதற்குள், 10 ரூபாய் மனு ஒன்று அங்கே போய்ச் சேர்ந்திருக்கட்டும். அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு அப்போதாவது காகிதத்தில் ஒரு பதில் வரும்.

டீயும் ஆறாது!